கரையேறிய கப்பல்

வரலாறு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவோர் முடிபுனைந்த மன்னரும் படை நடத்திய தளபதியருமே. கப்பல்களைப் பற்றிய வரலாறும் அத்தகையதே. பெரும் பீரங்கிகளைத் தாங்கிக் கடலை அதிரவைத்த போர்க்கலங்களின் பெயர்களை நாம் பள்ளிப் பருவத்திலேயே கேட்டுவிடுகின்றோம். ஆனால், அரிசி மூட்டையைச் சுமந்த வண்டியையும் அதை இழுத்த மாட்டையும் யார் நினைக்கின்றார்? பொருதியவரைப் பாடிய உலகம் சுமந்தவரைப் பாடவில்லை.

அவ்வாறு சுமந்த ஒரு கப்பலின் கதையையே இவ்விதழில் வாசகர்முன் வைக்க விழைகின்றோம். அக்கப்பல் கட்டப்பட்ட காலத்தில் அதற்குப் பெயரேனும் சூட்டப்படவில்லை. எல். எஸ். ரி. 325 என்ற எண்ணே அதன் பெயர். டாங்கிகளைக் கரையிறக்கும் கப்பல் என்பதன் ஆங்கில முதலெழுத்துக்களே எல். எஸ். ரி. என்பன. இரண்டாவது உலக மகாயுத்தத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் இவ்வகைக் கப்பல்கள் 1,051 கட்டின. அவற்றுள் ஒன்றே நம் கதைக்குரியது.

தேவை பிறந்த வரலாறு

1940 ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் மாதத் தொடக்கத்திலும் பிரான்சின் டன்கேர்க் கடற்கரையிலிருந்து பிரித்தானியர் மூன்று இலட்சத்து முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரரை மீட்டனர். ஆட்கள் தப்பினர், ஆனால் டாங்கிகளும் பீரங்கிகளும் வாகனங்களும் கரையிலேயே கைவிடப்பட்டன. பாரமான தளவாடங்களைத் திறந்த கடற்கரையில் ஏற்றவும் இறக்கவும் வல்ல கப்பல் எதுவும் அன்று இருக்கவில்லை. மீண்டும் ஐரோப்பாவில் காலூன்ற வேண்டுமாயின் துறைமுகம் இல்லாத இடத்திலும் டாங்கியை இறக்கவேண்டும் என்பதைப் பிரதமர் சேர்ச்சில் அன்றே உணர்ந்தார்.

தேருக்கு நிலம், நாவாய்க்கு நீர் என்பதே நம் முன்னோர் கண்ட முறை. நாவாய் நிலத்தை முட்டினால் அது விபத்து. அவ்விபத்தையே தொழிலாகக் கொள்ளும் ஒரு கப்பல் இப்போது வேண்டியதாயிற்று. முதலில் பிரித்தானியர் வெனிசுவேலா நாட்டு மரக்கைபோ ஏரியின் ஆழமற்ற நீருக்கென அமைக்கப்பட்ட எண்ணெய்க் கப்பல்கள் மூன்றை எடுத்து, முன்புறத்தில் கதவு வைத்து மாற்றியமைத்தனர். அவற்றுள் ஒன்றான பச்சக்கேரோ 1942 மே மாதத்தில் மடகஸ்கார்த் தீவில் நிகழ்ந்த படையிறக்கத்திற் பங்குபற்றியது. அதற்கு முந்திய மாதத்திலேதான் நம் கொழும்பும் திருகோணமலையும் யப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டன என்பதை வாசகர் நினைவுகூரலாம். இந்து சமுத்திரம் முழுவதும் அச்சத்தில் மூழ்கியிருந்த காலம் அது.

மாற்றியமைத்த கப்பல்கள் போதா. புதியனவாய், பெருந்தொகையாய், விரைவிற் கட்டப்பட வேண்டும். இதற்குப் பிரித்தானியர் அமெரிக்காவின் உதவியை நாடினர். 1941 நவம்பரில் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் அமைப்புப் பிரிவைச் சேர்ந்த ஜோன் நீடர்மயர் என்ற நிபுணர், கோரிக்கை கிடைத்தவுடன் சில மணி நேரத்தில் ஒரு தாளில் வரைந்த மாதிரியே பின்னர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களுக்கு மூலமாயிற்று.

முரணைத் தீர்த்த மதிநுட்பம்

அவர் தீர்க்கவேண்டியிருந்த சிக்கல் யாது? பெருங்கடலைக் கடக்கும் கப்பல் நீரில் ஆழ்ந்து நிற்றல் வேண்டும். இல்லையேல் அலையிற் புரளும். கரையை அணுகும் கப்பலோ நீரில் மேலாக மிதத்தல் வேண்டும். இல்லையேல் கரைக்கு வெகு தூரத்திலேயே தரைதட்டி நின்றுவிடும். ஒரே கப்பல் இவ்விரண்டையும் செய்வது எங்ஙனம்? நீர்மூழ்கிக் கப்பல் தன் வயிற்றில் நீரை நிரப்பி மூழ்குவதும், அதை வெளியேற்றி மிதப்பதும் நாம் அறிந்ததே. அந்த உபாயத்தையே நீடர்மயர் இங்கும் கையாண்டார். நடுக்கடலிற் செல்லுங்கால் கப்பலின் அறைகளில் கடல்நீரை நிரப்பி அதை ஆழ்த்துவர். கரையை நெருங்குங்கால் அந்நீரை இறைத்து வெளியேற்றிக் கப்பலை உயர்த்துவர். அவ்வாறு உயர்த்திய பின் சுமையோடு நிற்கும் கப்பலின் முன்பகுதி ஏறக்குறைய நான்கு அடி நீரிலேயே மிதக்கும். பின்பகுதி பத்தடி வரை ஆழ்ந்திருக்கும். எனவே சரிந்து செல்லும் கடற்கரையில் அதன் அடிப்பாகம் செவ்வனே பொருந்திவிடும்.

கப்பலின் நீளம் 328 அடி. அகலம் 50 அடி. முன்புறத்தில் இரு பெருங் கதவுகள். அவை திறந்ததும் உள்ளிருந்து ஒரு சாய்தளம் கரைமீது இறங்கும். வயிற்றுப் பகுதியில் வரிசையாக நிற்கும் டாங்கிகள் அதன் வழியே உருண்டு மணலில் இறங்கும். மேற்தளத்தில் நிற்கும் வாகனங்களை மின்தூக்கி மூலம் கீழே கொணர்வர். கப்பலைக் கரையினின்றும் மீட்பதற்கும் ஓர் உபாயம் உண்டு. கரையை அணுகும்போதே பின்புறத்து நங்கூரத்தை ஆழ்கடலில் எறிந்துவிட்டு வருவர். பாரம் இறங்கியபின் அந்நங்கூரத்தின் வடத்தை இயந்திரத்தால் இழுத்து, கப்பல் தன்னைத்தானே கடலுக்குள் இழுத்துக்கொள்ளும்.

மூடிய வயிற்றுக்குள் இருபது டாங்கிகளின் இயந்திரங்கள் ஒருங்கே இயங்கினால் அந்தப் புகையே வீரரைக் கொன்றுவிடுமன்றோ? இதனை ஆராய்வதற்காக 1942 இல் கென்ரக்கி மாநிலத்துப் போட் நொக்ஸ் என்னும் படை முகாமில், கடலின் வாடையே வீசாத இடத்தில், கப்பலின் வயிற்றைப் போன்ற ஒரு கட்டடத்தைத் தரையிலேயே எழுப்பி, உள்ளே டாங்கிகளை ஓட்டிப் பார்த்தனர். புகையை வெளியேற்றும் விசிறிகள் அவ்வாறே திட்டஞ் செய்யப்பட்டன. பெரிய காரியங்கள் எத்துணைச் சிறிய கவனங்களால் நிறைவுறுகின்றன என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

குறை ஒன்று மட்டும் நீங்கவில்லை. தட்டையான அடிப்பாகமும் அகன்ற முகமும் உடைய இக்கப்பல் மணிக்குப் பன்னிரண்டு கடல்மைலுக்கு மேல் விரைய மாட்டாது. எனவே அதன் மாலுமிகள் எல். எஸ். ரி. என்ற எழுத்துக்களுக்கு, மெதுவாக நகரும் பெரிய இலக்கு என்று வேடிக்கையாக விரிவு கூறினர். நகைப்பிற்குப் பின்னே அச்சமும் இருந்தது.

வயல்வெளியிற் பிறந்த கப்பல்கள்

கடற்கரைக் கப்பல் தளங்கள் யாவும் பெரும் போர்க்கப்பல்களைக் கட்டுவதில் மூழ்கியிருந்தமையால், எல். எஸ். ரி. களிற் பெரும்பாலானவற்றை உள்நாட்டு நதிக்கரைகளிலே கட்டினர். ஒகையோ நதிக்கரையில் உள்ள எவன்ஸ்வில் என்னும் நகரில் புதிதாய் எழுந்த தளம் ஒன்று மட்டும் 167 கப்பல்களைக் கட்டி முடித்தது. கடலையே கண்டிராத உழவரும், கடைச் சிப்பந்திகளும், பெண்களும் உருக்குத் தகடுகளை ஒட்டும் தொழிலைக் கற்றனர். முடிந்த கப்பல்கள் ஒகையோ, மிசிசிப்பி நதிகள் வழியே ஏறக்குறைய ஆயிரம் மைல் பயணஞ் செய்து நியூ ஓர்லியன்சில் கடலைக் கண்டன.

நம் கதைக்குரிய 325 ஆம் கப்பலோ பிலடெல்பியாக் கடற்படைத் தளத்திற் பிறந்தது. 1942 ஒக்டோபர் 27 ஆந் திகதி நீரில் இறக்கப்பட்டு, 1943 பெப்ரவரி 1 ஆந் திகதி சேவையிற் சேர்ந்தது. ஆயினும் எவன்ஸ்வில் நகரின் பெயரை வாசகர் மறவாதிருக்க வேண்டுகின்றோம். கதையின் முடிவில் அந்நகரம் மீண்டும் வரும்.

மத்தியதரைக் கடலில்

1943 வசந்த காலத்தில் வட ஆபிரிக்காவின் ஓரான் துறையை அடைந்த அக்கப்பல், அவ்வாண்டு யூலை மாதத்தில் சிசிலித் தீவின் ஜெலாக் கடற்கரைத் தாக்குதலிலும், செப்டெம்பரில் இத்தாலியின் சலேர்னோப் படையிறக்கத்திலும் பங்குகொண்டது. நவம்பரில் பெரியதொரு கப்பற் கூட்டத்துடன் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டது. 21 ஆந் திகதி ஜேர்மன் விமானங்கள் அக்கூட்டத்தின்மீது வானொலியால் வழிநடத்தப்படும் புதுவகைக் குண்டுகளை ஏவின. ஒரு குண்டு 325 இன் முகப்புக்கு அப்பால் ஏறக்குறைய நாற்பது அடி தூரத்தில் நீரில் வீழ்ந்தது. அந்த நாற்பது அடியே இக்கட்டுரைக்கு இடமளித்தது எனலாம்.

இவ்விடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்றைக் கூறாது விடுதல் முறையன்று. எல். எஸ். ரி. கப்பல்களுக்கு அக்காலத்தில் இருந்த பஞ்சம் சொல்லுந்தரமன்று. அந்தமான் தீவுகளை யப்பானியரிடமிருந்து கைப்பற்ற வகுக்கப்பட்ட திட்டம் 1943 டிசெம்பரில் கைவிடப்பட்டது. இந்து சமுத்திரத்தில் இருந்த படையிறக்கக் கப்பல்கள் ஐரோப்பாவுக்கு அழைக்கப்பட்டன. 1944 ஏப்ரிலில் தம் தலைமையகத்தைப் பேராதனைக்கு மாற்றிக்கொண்ட மவுண்ட்பேற்றன் பிரபு, வங்கக் கடலைக் கடக்கக் கப்பலின்றியே தம் திட்டங்களைத் தீட்டவேண்டியவரானார். இரு பெரும் வல்லரசுகளின் திட்டங்கள் இச்சிறு கப்பல்கள் சில நூற்றினால் தடைப்பட்டு நிற்பதைச் சேர்ச்சில் அவர்களே நொந்து கூறினார்.

நோமண்டியில்

1944 ஏப்ரில் 28 ஆந் திகதி இரவு இங்கிலாந்தின் தென்கரையில் ஒத்திகைக்காகச் சென்றுகொண்டிருந்த எல். எஸ். ரி. களை ஜேர்மன் விரைவுப் படகுகள் தாக்கின. 507, 531 என்னும் எண்களையுடைய இரு கப்பல்கள் மூழ்கின. மாண்டோர் 749 பேர் என்பது பெரிதும் ஏற்கப்பட்ட கணக்கு. மிதப்புக் கச்சையை மார்பில் அணியாது இடையில் அணிந்தமையால் பலர் தலைகீழாகக் கவிழ்ந்து மாண்டனர். அணியும் முறையை முன்னரே நன்கு கற்பித்திருந்தால் அவருட் சிலரேனும் பிழைத்திருப்பர். எண்களால் அழைக்கப்பட்ட கப்பல்களில் இறந்தவர்கள் எண்களல்லர். தாய்மார் பெற்ற பிள்ளைகள் என்பதை நாம் மறத்தலாகாது.

யூன் 5 ஆந் திகதி 325 ஆம் கப்பல் பல்மத் துறையினின்றும் புறப்பட்டது. 59 வாகனங்களும் நானூற்றுக்கும் மேற்பட்ட வீரரும் அதில் இருந்தனர். ஒமாகா என்று பெயரிடப்பட்ட கரையில் முதலில் இறங்கிய படைக்குத் துணைப்படையாக அது சென்றது. மீளும்போது வாகனங்கள் நின்ற இடத்தில் 38 காயக்காரர் கிடத்தப்பட்டிருந்தனர். போகும்போது டாங்கி; வரும்போது தூக்குக் கட்டில். இவ்வகைக் கப்பல்கள் நோமண்டிக் கரையிலிருந்து இங்கிலாந்துக்குக் கொணர்ந்த காயக்காரர் தொகை 41,035. போரின் கருவியாகவே கட்டப்பட்ட கப்பல் திரும்பும் வழியில் வைத்தியசாலையும் ஆயிற்று.

தொடர்ந்த மாதங்களில் 325 ஆங்கிலக் கால்வாயை நாற்பது தடவைக்கு மேல் கடந்தது. 1944 டிசெம்பர் 28 ஆந் திகதி, எம்பயர் ஜவலின் என்னும் துருப்புக் கப்பல் சவுதம்ரனிலிருந்து பிரான்சு நோக்கிச் செல்லும் வழியில், நீரடியில் நிகழ்ந்த வெடிப்பினாற் சேதமுற்று மூழ்கத் தொடங்கியது. மார்கழிக் குளிரில் அலைபாயும் கடலில், பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றும் 325 உம் மீட்புப் பணியில் ஈடுபட்டன. ஏறக்குறைய 700 பேர் 325 இற் கரைசேர்ந்தனர். அப்பணிக்காக அதன் தலைவர் கிளிபோட் மோசியர் வெண்கல நட்சத்திரப் பதக்கம் பெற்றார். பொருதிப் பெற்ற பதக்கங்கள் பல. உயிர்காத்துப் பெற்ற பதக்கம் இது.

ஐரோப்பாவில் யுத்தம் முடிந்ததும், 1945 மே மாதத்தில் கப்பல் தாயகம் திரும்பியது. பகைவர் குண்டு செய்யாததைக் கடல் செய்ய முனைந்தது. பேரலை ஒன்றில் முகப்பு மோதியபோது மேற்தளத்தில் குறுக்கே வெடிப்புக் கண்டது. மாலுமிகள் உருக்குத் தகடுகளைக் குறுக்கே ஒட்டிக் கப்பல் இரண்டாகப் பிளவுறாது காத்தனர். 1946 யூலை 2 ஆந் திகதி அது சேவையினின்றும் விலக்கப்பட்டது.

இரண்டாம் பிறவியும் மூன்றாம் பிறவியும்

இத்துடன் கதை முடிந்திருக்கலாம். இக்குலத்துக் கப்பல்களிற் பல இரும்புக்காக உடைக்கப்பட்டன. ஆனால் 1951 இல் 325 மீண்டும் அழைக்கப்பட்டது. கனடாவின் கிழக்குக் கரையிலும் கிரீன்லாந்திலும் ராடார் நிலையங்கள் அமைப்பதற்கு வேண்டிய பொருட்களை உறைபனிக் கடலினூடே சுமந்தது. துறைமுகம் இல்லாக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான சுமைகாரன் யார்?

1955 இல் அமெரிக்கக் கடற்படையில் எஞ்சியிருந்த எல். எஸ். ரி. களுக்கு மாவட்டப் பெயர்கள் சூட்டப்பட்டன. 325 க்கு அப்பேறும் கிட்டவில்லை. 1964 இல் அது கிரேக்க நாட்டுக்கு வழங்கப்பட்டபோதுதான், பிறந்து இருபத்திரண்டு ஆண்டுகளின் பின், முதன்முறையாக ஒரு பெயர் பெற்றது. சீரோஸ் என்னும் தீவின் பெயர் அது. அப்பெயருடன் 1999 வரை கிரேக்கக் கடற்படையில் உழைத்தது.

முதியோர் ஓட்டிய கப்பல்

இனிக் கூறப்போவதே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய செய்தி. இளமையில் எல். எஸ். ரி. களிற் பணிபுரிந்த அமெரிக்க முதியோர் சிலர், தம் கப்பற் குலம் அடியோடு அழிந்துபோகாமல் ஒன்றையேனும் காக்க வேண்டுமென உறுதிபூண்டனர். 2000 ஆம் ஆண்டில் கிரேக்கத்துக்குச் சென்று, கைவிடப்பட்டுக் கிடந்த இக்கப்பலைப் பழுதுபார்த்தனர். துருவைச் சுரண்டினர், இயந்திரங்களைத் தட்டி எழுப்பினர். நவம்பர் மாதத்தில் கிரேத்தாத் தீவினின்றும் புறப்பட்டனர். முப்பது பேர்கூட இல்லாத அம்மாலுமிகளின் சராசரி வயது 72. வேண்டாம் என்று தடுத்தோரும் உண்டு, சிரித்தோரும் உண்டு. டிசெம்பர் 12 ஆந் திகதி ஜிப்ரால்டரை விட்டு அத்திலாந்திக் சமுத்திரத்திற் புகுந்தனர். ஏறக்குறைய 6,500 மைல் நீண்ட அப்பயணம் 2001 ஜனவரி 10 ஆந் திகதி அலபாமா மாநிலத்து மொபீல் துறைமுகத்தில் இனிது முடிந்தது.

பேரப்பிள்ளைகளோடு திண்ணையில் அமர்ந்திருக்க வேண்டிய வயதில் அவர்கள் இயந்திர அறையின் வெப்பத்தில் நின்றது எதற்காக? கூலிக்காக அன்று. புகழுக்காகவும் அன்று என்றே எண்ணுகின்றோம். தம்மோடு பயணஞ்செய்து திரும்பாதவர்க்கு ஒரு சான்று நிலைக்கவேண்டும் என்பதற்காக. நூலில் எழுதிய சொல்லை மறுக்கலாம். கையால் தொட்டுப் பார்க்கும் இரும்பை மறுக்க இயலாது.

2005 ஆம் ஆண்டில் கப்பல் ஒகையோ நதிவழியே எவன்ஸ்வில் நகரை அடைந்து, அங்கேயே நிலையான இடம் பெற்றது. அந்நகரத்தார் கட்டிய 167 கப்பல்களுள் இது ஒன்றன்று என்பதை முன்னரே கூறினோம். ஆயினும் தம் தாயரும் தந்தையரும் கட்டியவற்றின் உடன்பிறப்பு என்ற உரிமையோடு அவர்கள் அதனை வரவேற்றனர். இன்று அது நதிக்கரையில் காட்சிச்சாலையாக நிற்கின்றது. இன்றும் தன் சொந்த இயந்திரங்களால் ஓடவல்ல கப்பலாகவும் இருக்கின்றது. பாடசாலைப் பிள்ளைகள் அதன் வயிற்றினுள் நடந்து திரிகின்றனர்.

நாம் கற்கவேண்டியது

யுத்தக் கருவி ஒன்றைப் புகழ்வது முறையோ என்று வாசகர் வினவலாம். யுத்தத்தை நாம் புகழவில்லை. 325 ஏற்றிச்சென்ற டாங்கிகள் எத்தனை வீடுகளை இடித்தன, எத்தனை உயிர்களைக் குடித்தன என்பதை அக்கப்பலே அறியும். அதே கப்பல் 700 பேரைக் கடலினின்றும் கரைசேர்த்ததும் உண்மை. இரண்டையும் ஒருங்கே சொல்வதே வரலாறு. ஒன்றை மறைத்து மற்றதைக் கூறுதல் விளம்பரமாகும்.

மற்றொன்றும் சொல்லுதற்குரியது. அம்முதியோர் இன்னும் பத்தாண்டு தாழ்த்தியிருந்தால் கப்பலை ஓட்ட ஆளும் இருந்திரார். ஓட்டுவதற்குக் கப்பலும் இருந்திராது. காலம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. நம் ஊர்களிலும், யுத்தக் காலத்துப் பஞ்சத்தையும் பங்கீட்டு அரிசியையும் விமானங்களின் இரைச்சலையும் சிறுபிராயத்திற் கண்டவர் ஒரு சிலரே எஞ்சியுள்ளனர். பழைய வத்தைகளும் வள்ளங்களும் கரையில் உக்கிப் போகின்றன. பெட்டகத்திற் கிடக்கும் கடிதங்களைச் செல் அரிக்கின்றது. அவற்றைக் காப்பதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு நம் பாட்டன்மார், பாட்டிமார் அருகில் மாலையில் ஒரு மணிநேரம் அமர்தல் போதும்.

இளைஞர்களே! எழுபத்திரண்டு வயதினர் ஒரு சமுத்திரத்தைக் கடந்தனர். நாம் கடக்கவேண்டியது வீட்டு முற்றத்தை மட்டுமே.